ரிங் லைட் வெளிச்சத்தில் ஒரு மன்னிப்பு

"அக்கா... 'நீக்கம்'ங்கறத செவப்புல போடட்டுமா, கறுப்புல போடட்டுமா?"

போன வாரம் முரளி என்னிடம் கேட்ட கேள்வி இது. லேப்டாப்பில் ஒரு போஸ்டர் செய்துகொண்டிருந்தான். மேலே எங்கள் வார்டு வேட்பாளர் தேன்மொழி கைகூப்பிச் சிரிக்கிறார். கீழே ஒரு வட்டத்துக்குள் முரளியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நடுவில் கொட்டை எழுத்தில் – சமூக ஊடகப் பொறுப்பாளர் முரளி இன்று முதல் அப்பொறுப்பிலிருந்து நீக்கம்!

ஆமாம். தன்னை நீக்கும் போஸ்டரைத் தானே டிசைன் செய்துகொண்டிருந்தான். வேறு யார் செய்வார்கள்? அந்தத் தேர்தல் ஆபீசில் அந்த சாஃப்ட்வேர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"செவப்பு வேணாம்ப்பா. கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிடும்," என்றேன்.

"ஆமாங்க்கா," என்று கறுப்பாக மாற்றினான். அப்புறம் தலை கலைந்திருந்த தன் போட்டோவை எடுத்துவிட்டு, கொஞ்சம் நல்லதாக வேறொன்றைப் போட்டான். நீக்கப்படும்போதுகூட மனிதனுக்கு லட்சணமாக நீக்கப்பட வேண்டும் என்று ஓர் ஆசை!

சிரிக்காதீர்கள். விஷயமே ஒரு சிரிப்பில்தான் ஆரம்பித்தது. ஆனால் அன்றைக்கு அவன் அழாத குறை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தலில், ஆரணியில் எங்கள் வார்டில் தேன்மொழி சுயேச்சையாக நிற்கிறார். என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். கணவருக்கு ஆரணிப் பட்டு வியாபாரம். கடை மாடிதான் தேர்தல் ஆபீஸ். ஒரு பக்கம் பட்டுப்புடவை அடுக்கு, இன்னொரு பக்கம் நோட்டீஸ் அடுக்கு. சாதாரண கவுன்சிலர் தேர்தல்தான்... ஆனால் இப்போதெல்லாம் கவுன்சிலருக்கும் ஐடி விங் வேண்டுமாமே? தேன்மொழியின் ஐடி விங் என்பது முரளி, முரளியின் லேப்டாப், முரளியின் ரிங் லைட்.

முரளி பக்கத்துச் சேவூர்க்காரன். முப்பதைத் தொட்டிருப்பான். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு டிசைனிங் சென்டர் வைத்திருக்கிறான். பூப்புனித நீராட்டு முதல் கண்ணீர் அஞ்சலி வரை எல்லாம் அவன் கைவண்ணம். தேன்மொழி சாக்கடை ஓரம் நின்று, "இத எப்போ தூர்வாருவீங்க?" என்று கேட்கும் வீடியோவை அவன் எடுத்துப் போட்டான் பாருங்கள், அது வந்தவாசி வரைக்கும் ஓடியது. தேன்மொழிக்கே தான் இவ்வளவு கோபக்காரி என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது. முரளி பல வருஷங்களுக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் எழுதியது.

'கொசு செத்தா பாவமாம். பசியோட வந்தவன் செத்தா பரவால்லயாம். இது மதமா, இல்ல ஆறு மணிக்கு ஷட்டர மூடற ரேஷன் கடையா? உங்க சாமிக்கு மாலைக்கண்ணா?'

யாரைச் சொல்கிறான் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வார்டில் ஒரு தெரு முழுக்க நயினார் வீடுகள். வடக்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நெல் விளைத்து, நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே டவுன் பஸ்ஸைத் திட்டி வாழும் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சிகூட நம் சாப்பாட்டால் சாகக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

அந்த நம்பிக்கையைத்தான் முரளி ரேஷன் கடை ஆக்கியிருந்தான்.

எழுதியது மகா தப்பு. சந்தேகமே இல்லை. ஆனால் சிரிப்பு வருகிற மாதிரி எழுதியிருந்தான், அதுதான் இன்னும் தப்பு. சப்பென்று எழுதியிருந்தால் அன்றைக்கே செத்துப்போயிருக்கும். நகைச்சுவையாக எழுதப்பட்ட அவமானத்துக்கு ஆயுள் அதிகம் என்பது வாரா வாரம் பத்தி எழுதிப் பிழைக்கிற எனக்குத் தெரியாதா?

காலை டிபன் முடிவதற்குள் எங்கள் வார்டே புண்பட்டுவிட்டது. ஒரு குரூப்பில் இருந்து இன்னொரு குரூப்புக்கு, அங்கிருந்து டீக்கடைக்கு, டீக்கடையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் வரை. "நம்ம நயினார்ங்கள இப்டி பேசிகீறானே மேடம்!" என்று அவர் குமுறினார். அவர் இதுவரை அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றியதுகூட இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்தத் தெருக்காரர்களைத் தவிர மற்ற எல்லோரும் சத்தமாகப் புண்பட்டிருந்தார்கள். அவர்கள் மட்டும் படித்துவிட்டுப் போனை வைத்துவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்கள். வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வலித்ததை யாருக்கும் ஃபார்வர்டு செய்யவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் சார்பில் கத்துவதற்குத்தான் எதிர் வேட்பாளர் தரப்பு இருக்கிறதே! மதியமே அந்தத் தெருமுனையில் ஷாமியானா, மைக், ஆர்ப்பாட்டம். 'அகிம்சையைக் கொச்சைப்படுத்திய அயோக்கியனைக் கைது செய்!' கோஷம் போட்டுக் களைத்த தொண்டர்களுக்கு அதே இடத்தில் பொட்டலம் கொடுத்தார்கள். என்ன பொட்டலம் என்கிறீர்கள்? ஆரணியில் வேறென்ன... பிரியாணிதான். சிக்கன். சமணர்களின் மனம் புண்பட்டதற்காக வந்தவர்கள், அவர்கள் தெருமுனையில் எலும்பைத் துப்பிவிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் அந்தத் தெருப் பெண் ஒருவர் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், மைக் பிடித்துக் கோஷம் போட்டவரைத் தேடினேன். அவர் போய்விட்டிருந்தார்.

அந்த மைக்காரரைப் பற்றி இன்னொரு சேதி. முரளி தன் பழைய பதிவை, அழிப்பதற்கு முன்னால், எனக்குத் திறந்து காட்டினான். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். விழுந்து விழுந்து சிரித்தவர்களில் ஒருவர் – அதே மைக்காரர்! வார்டுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

"கிராப் பண்ணிகீறாங்க்கா... கோடு தெரியாம நீட்டா பண்ணிகீறாங்க," என்றான் முரளி. தொழில்காரன் இல்லையா? தன்னைக் கொன்ற கத்தியின் கூர்மையையும் பாராட்டத் தோன்றுகிறது.

தேன்மொழிக்குத் தூக்கம் போயிற்று. ஒரு தெரு ஓட்டு என்பது கவுன்சிலர் தேர்தலில் சின்ன விஷயமா? என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அக்கா, நீங்க வாரா வாரம் எழுதறவங்க. ஜல்தியா ஒரு மன்னிப்பு எழுதிக் குடுங்க."

"யாரு கேக்கற மன்னிப்பு?"

"முரளிதான். ஆனா கேட்ட மாதிரியும் இருக்கணும், கேக்காத மாதிரியும் இருக்கணும்."

நான் அந்த அளவுக்குத் தேர்ந்த எழுத்தாளர் இல்லை. எனவே சுருக்கமாக எழுதிக் கொடுத்தேன் – 'நான் எழுதியது தவறு. வெட்கப்படுகிறேன். மன்னியுங்கள்.' தேன்மொழி படித்தார். மறுபடி படித்தார். "இவ்ளோ பச்சையாவாக்கா?" என்றார். கடைசியில் வெளியானது இது: 'என்றோ, எந்தச் சூழ்நிலையிலோ வெளியான ஒரு பதிவின் காரணமாக யாருடைய மனமாவது புண்பட்டிருக்குமேயானால் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.'

கவனித்தீர்களா? எழுதியவன் காணாமல் போய்விட்டான். பதிவு தானாக 'வெளியாகி'விட்டது. 'யாருடைய மனமாவது' என்றால், புண்பட்டவர் கையைத் தூக்கி 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். 'இருக்குமேயானால்' என்றால், அதுகூட சந்தேகம்தான். நம் நாட்டில் பொது மன்னிப்புகளை எல்லாம் எழுதித் தருவது யாரோ ஒரே ஆள்தான் என்று எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு.

இந்த மன்னிப்பு எடுபடவில்லை. அதனால்தான் நீக்கம் போஸ்டர்.

அதைச் செய்து முடித்து எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டு, லேப்டாப்பை மூடிய பிறகுதான் முரளி வாய் திறந்தான். நான் கேட்டேன் – "எதுக்குடா எழுதின அத? உனக்கும் நயினார்ங்களுக்கும் என்ன சண்டை?"

"சண்டயா? என் உசுரு ஃபிரண்டே நயினார்தாங்க்கா. நேமிராஜ்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேமிராஜை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருமுனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். என் பிரஷர் மாத்திரை அவன் கடையில்தான். முரளியும் அவனும் காலேஜில் ஒரே பெஞ்ச். ஒரே பைக்கில் போய், ஒரே டீயைப் பிரித்துக் குடித்தவர்கள்.

முரளி சொன்ன கதை இதுதான். நேமிராஜின் அக்காவுக்குக் கல்யாணம். முதல் நாள் காலையிலிருந்து முரளிதான் ஓடினான். மண்டப வாசல் பேனர் அவன் வேலை. பந்தல் கட்டுகிறவரைப் பிடித்து வந்தது அவன். மதியத்துக்கு மேல் பூ அலங்காரத்தைக் கொண்டுவர வேலூருக்கு அனுப்பினார்கள். திரும்பும் வழியில் வேன் மக்கர் செய்தது. பூவோடு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பந்தி எப்போதோ முடிந்து, இலை எடுத்து, தரையைக்கூடக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"காலைல குடிச்ச டீயோட கீறேன்க்கா. பூவ எறக்கி வெச்சேன். ஒருத்தர்கூட 'சாப்டியா'ன்னு கேக்கல. நேமி உள்ள சடங்குல உக்காந்துகினு இருந்தான். எனக்கு செம காண்டு. நேரா பஸ் ஸ்டாண்டு வந்து, பசில எழுதினேன்..."

"நேமிராஜ் அப்பவே பாக்கலயா அத?"

முரளி தலையைக் குனிந்துகொண்டான்.

"அவனுக்கு மட்டும் தெரியாத மாதிரி செட்டிங் போட்டேன்க்கா."

சொல்ல என்ன இருக்கிறது? ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டி, ஒரே ஒருவனுக்கு மட்டும் மறைத்திருக்கிறான். படிக்கக் கூடாத ஆள் யார் என்று எழுதும்போதே தெரிந்திருக்கிறது பாருங்கள். தப்பு என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பையும் அந்த செட்டிங்கே பறித்துக்கொண்டது.

"இப்ப போன் போட்டா எடுக்க மாட்டேன்றான். கடைக்குப் போனா, கஸ்டமர்கிட்ட பேசற மாதிரி 'என்ன மாத்திரை வேணும்'ங்கறான். வேல போனது பேஜார் இல்லக்கா. எலெக்‌ஷன் முடிஞ்சா எப்படியும் போற வேலதான். நேமி போயிட்டான்னா..." மேலே சொல்லாமல், ரிங் லைட்டின் ஒயரைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போயி நேரா கேளு. நாளைக்கே போ," என்றேன்.

இதை நான் தேன்மொழியின் காதுக்கு எட்டும் தூரத்தில் சொல்லியிருக்கக் கூடாது.

"நேமிராஜா? நம்ம மெடிக்கல் நேமிராஜா?" தேன்மொழியின் முகத்தில் ஒரு தெருவே விளக்குப் போட்ட வெளிச்சம். "அவரே மன்னிச்சிட்டேன்னு ஒரு வீடியோ குடுத்தா மேட்டர் ஓவர்! முரளி, உன்ன மறுபடி சேத்துக்கலாம். 'மீண்டும் இணைந்தார்'னு ஒரு போஸ்டர் ரெடி பண்ணி வெச்சுக்கோ."

"நான் தனியா போயி கேட்டுட்டு வரேன்க்கா," என்றான் முரளி.

"தனியா போயி மன்னிப்பு கேட்டா யாருக்குத் தெரியும்?"

முரளி என்னைப் பார்த்தான். நான் உங்களைப் பார்க்கிறேன்... இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

காலையில் போகலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். காலையில் தறிக்காரர்கள் தெருவில் பிரச்சாரமாம். மதியம் மகளிர் குழுவாம். "ராத்திரி சாப்ட மாட்டாங்க, அவ்ளோதானேக்கா? நாம இன்னா விருந்துக்கா போறோம்?" என்றார் தேன்மொழி. சரியான கேள்விதான். ஆனால் மறுநாள் அவர் காரில் ஏறும்போது மடியில் ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸ் இருந்தது.

நான் எதற்குக் கூடப் போனேன்? "நீங்க வந்தா ஒரு மதிப்பு," என்றார் தேன்மொழி. பத்தி எழுதுகிறவர்களுக்கு மதிப்பைவிட மேட்டர் முக்கியம் என்பது அவருக்குத் தெரியவில்லை. மேலும் என் மாத்திரை விஷயமும் இருக்கிறது. இருக்கிற ஒரு நல்ல மெடிக்கல் ஷாப்பை நான் பகைத்துக்கொள்ள முடியுமா?

தேன்மொழி, வீடியோ எடுக்க அவர் தம்பி, முரளி, நான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. தன் பைக்கில் வந்த முரளி ரிங் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நின்றான். தன்னுடைய மன்னிப்புக்குத் தானே லைட் பிடிக்கும் நிலைமை!

நேமிராஜ் கதவைத் திறந்தான். "வாங்கம்மா," என்றான். குரலில் மரியாதை இருந்தது. மரியாதை மட்டும்தான் இருந்தது. அவன் அம்மா உள்ளேயிருந்து வந்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டார். முரளியைப் பார்த்தார். "வா தம்பி," என்றார். இவன் எத்தனையோ நாள் அந்த வீட்டில் காலை டிபன் சாப்பிட்டவன். இன்றைக்கு உட்காரக்கூட இல்லை.

தேன்மொழி எழுந்து, கையோடு கொண்டுவந்த பொன்னாடையைப் பிரித்தார். வெளியூர்களில் பொன்னாடை என்று பளபளா துண்டைப் போர்த்துவார்கள். ஆரணியில் அப்படி ஏமாற்ற முடியாது. அசல் பட்டு, சரிகைக் கரை. தேன்மொழியின் காரில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். எங்கள் ஊரில் யாரையாவது சந்தோஷப்படுத்த வேண்டும் என்றால் எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அதைக் கொண்டுபோய் நேமிராஜின் அம்மா தோளில் போர்த்தப் போனார். அந்த அம்மா மெதுவாக ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா... நான் பட்டு தொடறதில்ல."

பட்டுக்கடைக்காரர் வீட்டம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புழுவைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத்தான் பட்டு வருகிறது என்பது ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் அதை நினைப்பதில்லை. தேன்மொழி பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டார். பாவம், அவர் முகம் சிவந்துவிட்டது.

சரி, பட்டு போகட்டும். ஸ்வீட் இருக்கிறதே! பாக்ஸைத் திறந்து முரளி கையில் ஒரு லட்டைக் கொடுத்தார். "ஊட்டி விடு தம்பி. நேமிராஜ் தம்பி, நீங்க ஒரு வாய் வாங்கிக்குங்க. போதும்."

நேமிராஜ் ஜன்னலைப் பார்த்தான். வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பொழுது போயிடுச்சுங்களே..."

நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம்? பொழுது போனபின் சாப்பிடாதவர்களைக் கிண்டல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க. அதை எப்படிக் கேட்கிறோம்? பொழுது போனபின் லட்டு சாப்பிடச் சொல்லி! எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தேன்மொழியின் தம்பிக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. ரிங் லைட்டின் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, மொபைலை நீட்டியபடி உற்சாகமாகச் சொன்னான். "சார், அத வுடுங்க. ஜன்னல சாத்திட்டு ரிங் லைட் போட்டா பட்டப்பகல் மாதிரியே கீது. லேசா கடிக்கிற மாதிரி காட்டுங்க. யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது!

பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த ரிங் லைட் அணைந்தது. முரளிதான் அணைத்தான். லட்டைத் திரும்ப பாக்ஸிலேயே வைத்தான்.

"வேணாங்க்கா. என்னை நீக்கினது நீக்கினதாவே இருக்கட்டும். நீங்க கெளம்புங்க," என்றான் தேன்மொழியிடம்.

அந்த அறையில் சாதாரண டியூப்லைட் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. முரளி நேமிராஜைப் பார்த்தான். நான் எழுதிக்கொடுத்ததும் இல்லை, தேன்மொழி திருத்தியதும் இல்லை. அவனுக்கு வந்தது இவ்வளவுதான்.

"தப்பு பண்ணிட்டேன்டா நேமி. பசில எழுதிட்டேன்னு சொல்லலாம். ஆனா பசி அன்னிக்கே தீந்துடுச்சு. அப்புறமும் அத அழிக்கல நான். அம்மா... மன்னிச்சிடுங்கம்மா."

நேமிராஜ் ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான். பிறகு கேட்டான்.

"அன்னிக்கு ஏண்டா நீ ஓட்டலுக்குப் போகல?"

"எந்த ஓட்டலு?"

"மண்டபத்துக்கு எதுத்தாப்ல. நீ லேட்டாதான் வருவேன்னு தெரியும். உனக்குன்னு சொல்லி வெச்சிருந்தேன், எவ்ளோ நேரமானாலும் பரோட்டா போட்டுக் குடுங்கன்னு. மாமாகிட்ட சொல்லிவுட்டேனே, முரளி வந்தா அனுப்புங்கன்னு."

"எங்கிட்ட யாருமே சொல்லலடா..."

"சடங்கு முடிஞ்சு நான் ஓட்டல்ல போயி கேட்டேன். அந்தப் பையன் வரவே இல்லன்னாரு. ஏன் வரலன்னு அன்னிலேர்ந்து யோசிச்சுகினு கீறேன். கேட்டா நீ சங்கடப்படுவன்னு கேக்கல." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எல்லாருக்கும் காட்டிட்டு எனக்கு மட்டும் மறச்ச பாரு... அதத்தாண்டா தாங்க முடியல. எங்கிட்ட வந்து கத்தியிருந்தா, சட்டையப் புடிச்சு 'எங்கடா சோறு'ன்னு கேட்டிருந்தா, எவ்ளோ நல்லா இருந்திருக்கும்?"

முரளி அழுதான். மறைக்காமல் அழுதான். எனக்கும் கண் கலங்கியது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நேமிராஜின் அம்மா அதுவரை கதவோரம் நின்றிருந்தார். அவருக்கும் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கிறது. யாரோ அக்கறையாக அனுப்பியிருக்கிறார்கள்.

"சாமிக்கு மாலக்கண்ணான்னு கேட்டுட்டியே தம்பி," என்றார். "படிச்சதும் ரெண்டு நாளு எனக்கு மனசே சரியில்ல. சாமிக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. நாங்கதான் நீ வந்து நின்னத பாக்கல."

இதற்கு மேல் அங்கே வெளியாட்களுக்கு என்ன வேலை? நான் எழுந்தேன். தேன்மொழியும் எழுந்தார். ஒன்று சொல்ல வேண்டும் – தம்பி மறுபடி மொபைலைத் தூக்கியபோது, அதைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டவர் தேன்மொழிதான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஒரு நல்ல வீடியோ போச்சேக்கா," என்று மெதுவாக முணுமுணுக்கவும் செய்தார். வேட்பாளர் என்றால் இரண்டும்தானே இருக்கும்?

எனக்கு ஒன்று தோன்றியது. மன்னிப்பு என்பது இரண்டு பேருக்கு மட்டுமே சரியாக இருக்கிற சட்டை போலிருக்கிறது. ஊருக்கே போடலாம் என்று பெரிதாகத் தைத்தால், யாருக்கும் பொருந்தாமல் தொளதொளவென்று தொங்குகிறது. 'யாருடைய மனமாவது' என்று ஆரம்பிக்கிற மன்னிப்புகள் எல்லாம் அப்படித் தைத்தவைதான்.

கொஞ்ச நேரத்தில் முரளியும் வெளியே வந்து தன் பைக்கை உதைத்துக் கிளப்பினான். பின்சீட்டில் ரிங் லைட்டைக் கட்டியிருந்தான். நேமிராஜ் வாசல்வரை வந்தான். இன்னும் அவன் முகத்தில் சிரிப்பு முழுசாக வரவில்லை.

"டேய்... நாளைக்கு வந்து சாப்புடு. அஞ்சு மணிக்கே வந்துடணும்."

"வரேன்டா."

"லேட்டாச்சுன்னா தெரியும் இல்ல? ஆறு மணிக்கு ஷட்டர மூடிடுவோம்."

முரளி கிளப்பிய பைக்கை அணைத்துவிட்டு அவனையே பார்த்தான். பிறகு நேமிராஜ் சிரித்தான். ஒரு காலத்தில் மற்றவர்கள் சிரித்த அந்த ஜோக்குக்கு, அதில் அடிபட்டவன் முதல்முறையாகச் சிரித்தான்.

"நீங்களும் வாங்கம்மா," என்று என்னையும் கூப்பிட்டார் அவன் அம்மா.

மறுநாள் எதற்கு வம்பு என்று நான் நாலரைக்கே போய்விட்டேன். முரளி அங்கே எனக்கு முன்னால் வந்து, காலி இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.